வெங்காய ஜீப்பில் ஒரு முழுப் பாட்டு

எங்கள் ஜீப்பை ஊரில் வெங்காய ஜீப் என்றுதான் சொல்வார்கள். ஏழு பேர் சொகுசாக இருந்து போகவென்று ஜப்பான்காரன் செய்து அனுப்பிய வாகனத்தில், பின் இருக்கைகளை மடித்துவிட்டு வெங்காய மூட்டை ஏற்றுகிறவன் சண்டிலிப்பாயில் நான் ஒருவன்தான். சொல்கிறவர்கள் சொல்லட்டும். மரக்கறி வியாபாரத்தில் இருபது வருடம் உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் குலுங்கி இடுப்பொடிந்தவனுக்கு, குளிர்காற்றுப் போட்டுக்கொண்டு கொடிகாமம் சந்தைக்குப் போக ஆசை வந்தால் அது என்ன குற்றமா?

மனைவியும் கூட வருவாள். பேரம் பேசுவது அவளுடைய இலாகா. வாங்க வந்தவர் முகத்தைச் சுருக்கினால் நான் உடனே விலையில் இறங்கிவிடுவேன். அவள் இறங்கமாட்டாள். போகவும் வரவும் பாட்டுத்தான். அவள் பாட்டுப் பைத்தியம். கலியாணமான புதிதில் வானொலியை அடுப்படிக்குள்ளேயே வைத்திருந்தவள்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலோடு அவளுக்கு இடது காது அடைத்தது. காய்ச்சல் போய்விட்டது, காது திறக்கவில்லை. காதுக்கு மெசின் வைத்தும் பயனில்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. "மற்றக் காது இருக்குத்தானே," என்றாள். நானும் அதோடு அதை மறந்துவிட்டேன். மறந்தது என் பிழை.

போன வருடம் ஒருநாள், சந்தையால் திரும்பி வரும்போது ஒரு பழைய பாட்டுப் போனது. ஆண் கேள்வி கேட்பான், பெண் பதில் பாடுவாள். அந்தக் காலத்து ஒலிப்பதிவில் ஆணின் குரல் ஒரு ஸ்பீக்கரிலும் பெண்ணின் குரல் மற்றதிலும் வருமே, அந்த வகைப் பாட்டு. பதில் வரும் இடத்தில் என் மனைவி உரத்துப் பாடத் தொடங்கினாள். பாட்டில் பாடுகிற பெண் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

"நீர் ஏன் அவவோடை போட்டிக்குப் பாடுறீர்?" என்று பகிடி பண்ணினேன்.

"எவவோடை?" என்றாள்.

அப்போதுதான் விளங்கியது. பெண்ணின் குரல் வருகிற இடது கதவு ஸ்பீக்கர் அவளுடைய இடது முழங்காலடியில் இருக்கிறது. டீசல் இரைச்சலையும் தாண்டி அதில் வருகிற கொஞ்சச் சத்தமும் அடைத்த காதுக்குத்தான் போகிறது. நாலு வருடமாக அவளுக்கு அந்தப் பெண் பாடவே இல்லை. பதில் இல்லாமல் கிடந்த இடத்தை இவள் தன் குரலால் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறாள்.

சொன்னதும் சிரித்தாள். ஆனால் அன்றைக்குப் பிறகு ஜீப்பின் பாட்டுச் செட்டைப் போடுவதை நிறுத்திவிட்டாள். நான் போட்டால், "நீங்கள் கேளுங்கோ, எனக்கு வேண்டாம்," என்று யன்னலால் வெளியே பார்ப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜீப்போடு வந்த செட்டைக் கழற்றி எறிவது, அவளுக்குப் பாட்டு முழுதாகக் கேட்கிற ஒன்றைப் பூட்டுவது என்று முடிவெடுத்தேன்.

நீர்வேலியில், வாழைத்தோட்டத்து நடுவில் கொட்டில் போட்டு, மினிபஸ்களுக்குச் செட் பூட்டுகிற ஒருவர் இருக்கிறார். நாற்பது வயதிருக்கும். அவர் கைபட்ட பஸ் சந்தி திரும்ப முன்னமே அதில் என்ன பாட்டுப் போகிறது என்று சொல்லிவிடலாம். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மனுசிக்கு ஒரு காது கேக்காது தம்பி. அவவுக்கு வடிவாய்க் கேக்கவேணும்."

"யோசிக்காதையுங்கோ அண்ணை. அந்தமாதிரிப் பூட்டுவம்."

மூன்று நாள் வேலை. கதவுக்குள் புது ஸ்பீக்கர்கள், இருக்கைக்குக் கீழே ஆம்ப், பின்னுக்கு இரண்டு மூட்டை வெங்காயத்தின் இடத்தைப் பிடித்தபடி ஒரு பெரிய பேஸ் பெட்டி. பூட்டி முடித்து, சத்தத்தைக் கூட்டி, கதவுகளைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே வந்தோம். அவர் கொட்டில் வாசலில் நின்றார். நான் வாழைகளுக்கிடையால் நடந்து றோட்டு வரைக்கும் போனேன்.

அது எங்களுக்கு ஊறிய பழக்கம். திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டினால் ஒருவர் சைக்கிளில் அடுத்த ஊர் எல்லைக்குப் போய் நின்று கேட்டுவிட்டு வந்து சொல்லவேண்டும். அங்கே கேட்டால் எல்லாம் சரி. சாமிக்கு முன்னால் நிற்கிறவரின் காது என்ன பாடுபடுகிறது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. இளமையில் அந்தச் சைக்கிள் வேலை பார்த்தவன் நான். றோட்டில் நின்று கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, பாட்டு றோட்டுக்கு வந்தது. சந்தோசப் புழுகம் தாங்காமல் கையை உயர்த்திக் காட்டினேன். அவரும் பதிலுக்குக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவியை ஏற்றி, அதே பாட்டைப் போட்டேன். அரை நிமிடம் பொறுத்தாள்.

"நெஞ்சுக்கை இடிக்குது. பாட்டை எங்கை காணேல்லை?"

சத்தத்தைக் குறைத்தேன். இடி குறைந்தது, பாட்டு வரவில்லை. பதில் வரும் இடம் வந்தது, போனது. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, அந்தப் பெண் இன்னும் வரவில்லை.

"நிப்பாட்டுங்கோ. நான் பாட்டுக் கேக்காட்டி என்ன குடியே முழுகிப்போகும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரில் என்று தெரியாத கோபம். தேத்தண்ணியும் குடிக்காமல் போய்த் தோட்டத்தில் நின்றேன். அடுத்த நாள் காலை அவளே சேலை உடுத்துக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினாள். "அந்தாளிட்டை ஜீப்பை விடுங்கோ. நான் கதைக்கிறன்."

கொட்டில் வாசலில் இறங்கியதும் கேட்டாள்: "தம்பி, நீங்கள் இதுக்கை இருந்து கேட்டனீங்களோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாழைக்குலையைப் பார்த்தேன்.

"இல்லை அக்கா... வெளியிலை நிண்டுதான்..."

"அப்ப பாட்டுக் கேக்கப்போறது நானோ, உந்த வாழைக்குலையோ?"

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், பிறகுதான் வெட்கப்பட்டேன். அவர் பேஸ் பெட்டியை இறக்கி வைத்தார். ஒரு சின்ன ஸ்பீக்கரை நீட்டு வயரில் கொழுவிக் கையில் பிடித்துக்கொண்டு, என் இருக்கையில் ஏறி இருந்தார். அவள் தன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஸ்பீக்கரைக் கூரைக்குக் கொண்டுபோனார், கண்ணாடி ஓரம் கொண்டுபோனார், கீழே இறக்கினார். அவள் கையால் காட்டிக்கொண்டே இருந்தாள். "இன்னும் கொஞ்சம் இஞ்சாலை. சரியாப் பதிச்சுப் பிடியுங்கோ. ஆ, அதிலை!"

கண்ணைத் திறந்து, தலைக்கு மேலிருந்த குட்டிக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த பழைய பொட்டு ஒன்றை உரித்து, டாஷ்போர்டின் நடுவில் ஒட்டினாள். "இதிலை பூட்டுங்கோ." அந்தப் பொட்டின் மேல் ட்ரில் இறங்கியபோது நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனைவி அசையவில்லை.

அடுத்ததாய் அவள் கேட்டதுதான் அவரைச் சுட்டது. இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாக்கி அந்த ஒரு ஸ்பீக்கருக்குள் விடவேண்டும்.

"அக்கா, சனம் ஸ்டீரியோ வேணுமெண்டு காசைக் கொட்டுது. நீங்கள் உள்ளதையும் கெடுக்கச் சொல்லுறியள்."

"கெடுங்கோ தம்பி," என்றாள்.

அவர் வேண்டாவெறுப்பாய் வயர்களைப் பிரித்தார். ஆனால் வேலை தொடங்கியதும் முகம் மாறிவிட்டது. தான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினார். மத்தியானம் சாப்பிடவும் போகவில்லை. கடைசியில், "ஜீப்பை ஓடிப் பாருங்கோ. எஞ்சின் இரைச்சலோடை கேட்டால்தான் சரி," என்று அனுப்பினார்.

உரும்பிராய் தாண்டும்போது பாட்டைப் போட்டேன். ஆண் கேட்டான். அவள் பழக்கதோஷத்தில் பதிலுக்கு வாயைத் திறந்தாள். பதில் அவளுக்கு முன்னால் வந்துவிட்டது. திறந்த வாய் அப்படியே நின்றது. கை வந்து என் கையைப் பிடித்தது.

"இஞ்சையப்பா, அவ வந்திட்டா!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. றோட்டு மங்கலாகத் தெரிந்தது. எல்லாம் என்னுடைய யோசனைதானே என்று பெருமையடிக்கத் தொடங்கினேன். "கதைக்காதையுங்கோ," என்றாள். மானிப்பாய் வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

வீடு வந்தது. இறங்கிப்போய்ப் படலையைத் திறந்துவிட்டுத் திரும்பினால் அவள் கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுங்கோ. மாதகல் கடல் வரைக்கும் போயிட்டு வருவம்."

"சமையல்?"

"உலை பேந்து வைக்கலாம். எனக்கு இன்னும் கேக்கவேணும்."

நாலு வருடத்தில் தனக்கென்று அவள் என்னிடம் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. படலையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறினேன். மாடு புகுந்து கத்தரிக் கன்றைத் தின்றால் தின்னட்டும்.