பெட்டி நனையக் கூடாது என்றேன்

1. ஒரு வரி அறிக்கை

"ஓட்டுநர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார்."

விபத்து அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் இந்த ஒரு வரிதான் இருந்தது. அடியில் ஆய்வுக்கூட மேலாளர் டாக்டர் வாசுவின் கையெழுத்து. பக்கத்தில் ஒரு காலியிடம். அது எனக்காக.

என் பெயர் ஸ்டெல்லா. ரத்தம், கிருமி, அமிலம் என்று ஆபத்தான சரக்குகளை ஆய்வுக்கூடத்து ஆட்கள் சட்டப்படி எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என் தொழில். என் வகுப்பில் தேறினால்தான் அவர்கள் பெட்டி கட்டிக் கையெழுத்துப் போடலாம். சிங்கப்பூரில் இருபது வருடத்துக்கும் மேலாக இதைச் செய்து வருகிறேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று என் கணவர் சொல்வார். இந்த வேலையில் கோபம் வராதவர் யாராவது இருந்தால், அவர் வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் கிருமிக் குழாயைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளமெண்டியில் எம்ஆர்டி ரயில் ஏறினார். கேட்டதற்கு, "ரெண்டு ஸ்டேஷன்தானே மேடம்" என்றார். கிருமி ஸ்டேஷன் எண்ணிக்கொண்டா வரும்?

இந்த விஷயம் அதைவிடப் பெரியது. கிளமெண்டிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடம். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய ரத்த மாதிரிகளை ஸ்டைரோஃபோம் பெட்டியில் டிரை ஐஸ் போட்டுக் கட்டிக் காலையிலேயே கொடுத்துவிட்டார்கள். குணா என்ற ஓட்டுநர் வேனில் ஏற்றிக்கொண்டு இன்னும் நாலைந்து இடம் சுற்றிவிட்டு, மத்தியானம் விமானச் சரக்கு முனையத்துக்குப் போனார். வேன் கதவைத் திறந்து பெட்டியைத் தூக்கினார். பெட்டி வெடித்தது. பறந்து வந்த மூடி அவர் புருவத்தைக் கிழித்துவிட்டது. ஐந்து தையல். கண் மயிரிழையில் தப்பியது. ரத்தக் குழாய்கள் இருந்த உள் டப்பா உடையவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

டாக்டர் வாசு எனக்குப் போன் செய்தார்.

"ஸ்டெல்லா, நீங்க ஒரு சைன் போட்டுட்டீங்கன்னா ஃபைல மூடிடலாம். உங்க டிரெய்னிங் கரெக்ட், எங்க பேக்கிங் கரெக்ட். அவன் கைதான் சரியில்ல."

"யார் கை?"

"டிரைவர்தான். குமாரோ என்னவோ பேரு."

பெயர்கூடத் தெரியாத ஒருத்தரின் பிழைப்பைக் கெடுக்க ஒரு வரி எழுதியிருக்கிறார் மனுஷன். குணா மலேசியாவின் ஜோகூர்க்காரர். தினமும் விடியுமுன் பாலம் தாண்டி உட்லண்ட்ஸுக்கு வந்து வேன் எடுப்பவர். அவருடைய கூரியர் நிறுவனம் அதற்குள் அவரிடமிருந்து வேன் சாவியை வாங்கி வைத்துவிட்டது. இந்த அறிக்கை உறுதியானால் அவருடைய வேலை அனுமதி ரத்து. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதுதான்.

"பெட்டியப் பாக்காம நான் சைன் போட மாட்டேன் டாக்டர்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

2. மூலை நசுங்காத பெட்டி

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பெட்டியின் மிச்சத்தை ஒரு மஞ்சள் பையில் கட்டி ஸ்டோர் அறையில் வைத்திருந்தார்கள். தரையில் கொட்டிப் பார்த்தேன்.

கீழே விழுந்த பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் மூலை நசுங்கும். இந்தப் பெட்டிக்கு நாலு மூலையும் கூராக இருந்தன. அடிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மூடிதான் இரண்டாகப் பிளந்து, வெளிப்பக்கமாகத் தெறித்திருந்தது. எங்கேயும் விழாத பெட்டி.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். சமையலறையில் மிச்ச உணவை மூடி வைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதைப் பெட்டி முழுக்கச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார்கள். பிரித்தால் அதற்கு அடியில் பழுப்பு டேப், ஓர் இடுக்கு விடாமல். காற்றுப் போக ஊசி முனையளவு வழி கிடையாது.

டிரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு. அது உருகித் தண்ணீர் ஆகாது. நேராக வாயுவாக மாறும், மாறியதும் வெளியே போக வழி தேடும். வழி கொடுத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. அடைத்து வைத்தால் அது தானாக வழி செய்துகொள்ளும். 'டிரை ஐஸ் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்காதே' என்பது என் வகுப்பின் முதல் அரைமணி நேரத்திலேயே வந்துவிடும். தேர்விலும் ஒரு கேள்வி உண்டு.

"யார் இதக் கட்டினது?" என்று கேட்டேன். கேட்டேன் என்றால், அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

கதவருகே நின்ற கவிதா கையைத் தூக்கினாள். ஆய்வுக்கூட அதிகாரி, முப்பது வயதிருக்கும். என் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை எழுதியவள். அது எனக்கு நினைவிருந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"காத்துப் போக வழி விடணும்னு டெஸ்ட்ல கரெக்டா எழுதின, ஆமாவா இல்லையா?"

"எழுதினேன் மேடம்."

"அப்புறம் இது என்ன? கொழுக்கட்டையா, மூடி அவிச்சு எடுக்க?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை. "நீங்கதானே மேடம் சொன்னீங்க, பெட்டி நனையக் கூடாதுன்னு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

3. நான் போட்ட சத்தம்

நம் ஊர் ஈரப்பதத்தில் டிரை ஐஸ் பெட்டிக்கு வியர்க்கும். உள்ளே அவ்வளவு குளிர், வெளியே இப்படி ஒரு புழுக்கம். லேபிள் ஊறி உரியும், டிரை ஐஸின் எடையை எழுதிய மை வழிந்துவிடும். சரக்கு முனையத்தில் ஈரப் பெட்டியை வாங்க மாட்டார்கள். சில மாதங்களுக்கு முன் கவிதா கட்டிய பெட்டி ஒன்று அப்படித் திரும்பி வந்து, உள்ளே இருந்த மாதிரிகள் எல்லாம் வீணாய்ப் போயின.

அந்தப் பெட்டியின் படத்தை நான் சர்டிபிகேட்டைப் புதுப்பிக்கிற வகுப்பில் திரையில் போட்டேன். இருபது பேர் முன்னால் அவளை எழுப்பி நிற்க வைத்தேன். "இதப் பெட்டின்னு சொல்றதா, துவைச்ச துணின்னு சொல்றதா? இன்னொரு தடவ லேபிள்ல ஒரு சொட்டு ஈரம் பாத்தேன்னா சர்டிபிகேட்ட கேன்சல் பண்ணிடுவேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நனையாமல் எப்படிக் கட்டுவது என்று நான் சொன்னேனா? இல்லை. தடிமனான பெட்டி வாங்கு, நனையாத லேபிள் ஒட்டு, அழியாத மையால் எழுது. அவ்வளவுதான், மூன்று வாக்கியம். சத்தம் போட எனக்கு நேரம் இருந்தது, அந்த மூன்று வாக்கியத்துக்கு இல்லை.

அவள் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பிளாஸ்டிக் தாள் சுற்றினால் லேபிள் நனைவதில்லை. அதற்கப்புறம் அவள் கட்டிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதுவரைக்கும் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ, எங்கோ கொஞ்சம் கசிந்திருக்க வேண்டும். வெடித்த அன்றைக்கு டிரை ஐஸ் கூடுதல், வெயிலும் கூடுதல். பயத்தில் அவள் சுற்றிய சுற்றும் கூடுதல்.

"சொல்லியிருக்கலாமே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றேன்.

"உங்ககிட்டயா?" என்றாள் கவிதா.

4. தேக்காவில்

குணாவைத் தேக்கா உணவங்காடியில் சந்தித்தேன். ஞாயிற்றுக்கிழமை, நிற்க இடமில்லாத கூட்டம். புருவத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்குப் பால் போட்ட தே ஒரு கப் வாங்கி வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"அக்கா, நான் கீழ போடல. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். ஆனா எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. ஒருவேள நாந்தான் வெடுக்குனு தூக்கிட்டேனோன்னு இப்ப எனக்கே டவுட்டு வந்துருச்சு."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, அந்தச் சோற்றை இவர் வாயிலேயே ஊட்டியிருக்கிறார்கள்.

"தூக்கறப்ப பெட்டி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"மூடி மேல உப்பிக்கிட்டு இருந்துச்சுக்கா. கேக்கலாம்னுதான் நெனச்சேன். ஆனா பெட்டியோட வந்த பேப்பர்ல மூணு பேரு சைன் போட்டிருக்காங்க. எல்லாம் படிச்சவங்க. நம்ம போயி என்னத்தக் கேக்குறது லா."

தேயை ஒரு வாய் குடித்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"அந்த மூணு பேருல யாராச்சும் அந்தப் பெட்டியத் தூக்கிப் பாத்தாங்களாக்கா?"

யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள். கவிதா கட்டியதும் தள்ளுவண்டியில் வைத்திருப்பாள். மற்ற இருவரும் மேசையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நான் வகுப்பு நடத்திய இத்தனை வருடத்தில், யாரையும் பெட்டியைத் தூக்கச் சொன்னதில்லை.

5. என் பெயரைப் போடுங்கள்

கூட்டம் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. டாக்டர் வாசு, கவிதா, கூரியர் நிறுவனத்தின் மேற்பார்வையாளர், நான். குணாவைக் கூப்பிடவில்லை. யாரைப் பற்றிய கூட்டமோ அவருக்கு நாற்காலி இல்லை.

பிளாஸ்டிக் தாளையும் பிளந்த மூடியையும் மேசை மேல் வைத்தேன். மூலைகளைக் காட்டினேன். "இது விழுந்த பெட்டி இல்ல. அடைச்சு வச்ச பெட்டி" என்றேன். மேற்பார்வையாளர் எழுந்து வந்து மூலையை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குச் சரக்குப் பெட்டி தெரியும். தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

டாக்டர் வாசு பேனாவை எடுத்தார்.

"ஓகே. அப்போ பேக்கிங் எரர். கவிதான்னு போட்டுக்கலாம்."

அவ்வளவு சுலபம். நேற்றுவரை குணா, இன்றைக்குக் கவிதா. எந்தப் பெயர் எழுதினாலும் அவர் பேனாவுக்கு ஒன்றுதான். கவிதா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டி பேப்பர்ல உங்க சைனும் இருக்கே டாக்டர். 'பரிசோதித்தேன்'னு அச்சடிச்சிருக்கு, அதுக்குக் கீழ. பெட்டியப் பாத்தீங்களா?"

"ஸ்டெல்லா, ஒரு நாளைக்கு நான் எத்தன ஃபார்ம்..."

"பாத்தீங்களா?"

"இல்ல."

"அதையும் எழுதுங்க. அதுக்கு மேல என் பேரப் போடுங்க. நனையக் கூடாதுன்னு இருபது பேர் முன்னால இந்தப் பொண்ண மிரட்டினது நான். எப்படின்னு சொல்லிக் குடுக்காதது நான். அவ கை கட்டினத ஒரு தடவகூடப் பாக்காம, பேப்பர்ல எழுதின பதிலுக்கு சர்டிபிகேட் குடுத்ததும் நான். எய்தவ நான் இங்க உக்காந்திருக்கேன், நீங்க அம்பப் பிடிச்சு ஒடச்சிட்டு இருக்கீங்க."

"உங்க பேர எழுதினா உங்க பிசினஸ் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்று டாக்டர் வாசு கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"அந்தக் கேள்விய குணாவுக்காக நீங்க கேக்கவே இல்லையே" என்றேன்.

அறிக்கையை அங்கேயே மாற்றி எழுதினோம். காரணம் என்ற கட்டத்தில் இடம் போதவில்லை, தனித்தாள் இணைக்க வேண்டியிருந்தது. நான் முதலில் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் வாசு கடைசியாகப் போட்டார். மேற்பார்வையாளர் கிளம்பும்போது, "திங்கக்கிழமை குணாவ வரச் சொல்லிடறேன்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அந்த அறையில் யாரும் குணாவின் காதுபடச் சொல்லவில்லை. அவர்தான் அங்கே இல்லையே.

கவிதாவிடம் நான் தனியாகப் போய் அந்த வார்த்தையைச் சொன்னேன். இருபது பேர் முன்னால் திட்டியதை ஒருத்தி முன்னால் திருப்பிக்கொள்வது சரியான கணக்கில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த வகுப்பில் இருபது பேர் முன்னாலும் சொல்லத்தான் நினைத்தேன். அந்த ஆய்வுக்கூடம் என்னை அதற்கப்புறம் வகுப்புக்குக் கூப்பிடவில்லை.

6. மடியில் வைக்கும் தேர்வு

இப்போது என் வகுப்பில் எழுத்துத் தேர்வு முடிந்தாலும் சர்டிபிகேட் கிடையாது. ஒவ்வொருவரும் கையளவு டிரை ஐஸ் போட்டு ஒரு பெட்டி கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் அதைத் தங்கள் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும். மூடிக்கு மேல் முகம். நல்ல காற்றோட்டமான அறைதான், கால் மணி நேரம்தான். அதற்குள் நான் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிப் பார்த்துவிடுவேன்.

போன மாதம் ஒரு பேராசிரியர் கட்டி முடித்துவிட்டு மடியில் வைக்க மாட்டேன் என்றார். "இட்ஸ் ஓகே, டேபிள்லயே இருக்கட்டும்" என்றார். வாங்கிப் பார்த்தேன். நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும், அதை நான் விட்டுவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பை உரித்து, எங்கே ஒட்டலாம் எங்கே விட வேண்டும் என்று காட்டினேன். அப்புறம் அவரிடம் சொன்னேன்:

"சார், உங்க மடியில வைக்கப் பயமா இருக்கிற பெட்டிய இன்னொருத்தர் கையில குடுக்காதீங்க. அவருக்கும் கண்ணு ரெண்டுதான்."

அவர் மறுபடி கட்டினார். கால் மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.