மெத்தையில் ஆடிய பரதம்

மகளின் அரங்கேற்ற உடுப்புத் தைக்கவென்று ஊரிலிருந்து ஒரு பட்டுச்சேலை எடுப்பித்து வைத்திருந்தேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை. அது இன்னும் அலுமாரிக்குள் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் எங்கள் கீழ்வீட்டுக்காரரிடமிருந்து தொடங்க வேண்டும்.

டோர்ட்மண்டில் நாங்கள் இருப்பது பழைய கட்டிடமொன்றின் இரண்டாம் மாடி. பலகைத் தளம். எங்களுக்கு நேர் கீழே ஒரு ஜெர்மன் முதியவர் தனியாக இருந்தார். குடிவந்த புதிதில் அவர் கண்டுபிடிக்காத குற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தல்களைக் கண்ணாடித் தொட்டியில் போட்டால் குற்றம். தயிர்க் கோப்பையை மூடி பிரிக்காமல் குப்பையில் போட்டால் குற்றம். படிக்கட்டில் செருப்பைக் கழற்றி வைத்தால் அதுவும் குற்றம். ஒவ்வொன்றுக்கும் மணியடித்து, வணக்கம் சொல்லி, கைகொடுத்துவிட்டுத்தான் ஏசுவார். இந்த நாட்டில் சண்டை பிடிக்கவும் டெர்மின் எடுத்து நேரம் குறிக்க வேண்டுமோ என்று நான் சிரிப்பேன். கணவர் சிரிக்க மாட்டார். எங்கள் பெயரைக் கேட்டதுமே வீடு வேறு ஆளுக்கு வாடகைக்குப் போய்விட்டது என்று சொன்ன எத்தனையோ பேரிடம் அலைந்து இந்த வீட்டை எடுத்தவர் அவர்.

மகள் சின்ன வயதிலேயே பரதம் பழகத் தொடங்கினாள். சனிக்கிழமைகளில் வகுப்பு, மற்ற நாட்களில் வீட்டில் பயிற்சி. நான் காலை வேலை முடித்து மத்தியானம் வரும்போது அவளும் பள்ளிக்கூடத்தால் வந்திருப்பாள். சாப்பிட்டு முடிந்ததும் ஆடச் சொல்வேன். பிறகு நான் இராச் சமையலுக்குள் இறங்கிவிடுவேன், பக்கத்தில் நின்று பார்க்க நேரம் கிடைக்காது.

முதல் நாள், காலை நிலத்தில் ஓங்கித் தட்டி ஆடும் தட்டடவு தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கீழேயிருந்து தன் வீட்டுக் கூரையில் தும்புத்தடியால் இடித்தார். மறுநாளும் இடித்தார்.

"உந்தாளோடை கொளுவ வேண்டாம்," என்றார் கணவர். "வீட்டாலை எழுப்பினா இந்தக் குளிருக்குள்ளை எங்கை போறது? பிள்ளையை மெதுவாய் ஆடச் சொல்லும்."

தட்டடவை மெதுவாக ஆடு என்பது பறையை மெதுவாக அடி என்பது போலத்தான். ஆனாலும் சொன்னேன். முதலில் தடித்த காலுறை போட்டுவிட்டேன். பிறகு கம்பளம் விரித்தேன். அதிலும் நிம்மதி வராமல், விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த மெத்தையைப் போட்டு அதன்மேல் ஆட விட்டேன். இடி நின்றது. என் கெட்டித்தனத்தை வகுப்புக்கு வந்த மற்றத் தாய்மாருக்கும் பெருமையாகச் சொன்னேன்.

வருடக்கணக்காக அந்த மெத்தையில்தான் ஆடினாள். அரங்கேற்றப் பேச்சு வந்தபோது ஆசிரியை என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளையின்ரை கையும் கண்ணும் நல்ல வடிவு. ஆனா கால் நிலத்திலை விழுகுதில்லை. சலங்கை கட்டியும் சத்தம் வரேல்லை. இப்பிடி மேடை ஏத்த ஏலாது. இன்னும் ஒரு வருசம் பாப்பம்."

அந்த ஒரு வருடமும் மகள் படாத பாடு பட்டாள். ஓங்கித் தட்டவென்று காலைத் தூக்குவாள். இறங்கும்போது அது தானாகவே பதுங்கிவிடும். கடைசியில், "எனக்கு இப்ப விருப்பமில்லை அம்மா," என்று சலங்கையைக் கழற்றி வைத்தாள். விருப்பம் அப்படியேதான் இருந்தது. அதை முகத்தில் கண்டும் சலங்கையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

சென்ற வருடம் கீழ்வீட்டுக்காரர் முதியோர் இல்லத்துக்குப் புறப்பட்டார். அன்றும் மணியடித்துக் கைகொடுத்தார். மகள் இன்னும் ஆடுகிறாளா என்று கேட்டார்.

"உங்களுக்காகத்தானே சத்தம் போடாமல் ஆடினாள். பிறகு விட்டுவிட்டாள்," என்றேன். இத்தனை வருடக் கோபமும் அதில் இருந்தது.

அவர் திகைத்துப் போனார். "நான் இடித்தது மத்தியானத்தில் மட்டும்தானே. ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை இந்தக் கட்டிடத்தின் விதிப்படி அமைதி நேரம். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடியிருக்கலாம். அது அவளுடைய உரிமை. ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

அவர்களுக்குச் சட்டம் என்றால் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். அதட்டல் கேட்டதும் கோட்டைப் பார்க்காமலே சுவரோடு ஒட்டிப்போய் நின்றுகொண்டது எங்கள் பழக்கம். வீட்டுக்காக அலைந்து களைத்த சனத்துக்கு, எத்தனை மணிவரை என்று போய்க் கேட்க வாய் வருமா? நான் சமையலைக் கொஞ்சம் முந்தி முடித்து, மூன்று மணிக்குப் பிறகு அவளை ஆட விட்டிருந்தால் போதும். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மகள் இப்போது ஸ்டுட்கார்ட்டில் படிக்கிறாள். போன கிழமை விடுமுறைக்கு வந்திருந்தாள். பின்னேரம் நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை, பூட்டித்தான் கிடக்கிறது. ஏதோ எடுக்கத் திரும்பினால் மகள் எனக்குப் பின்னால் நிற்கிறாள்.

"எப்ப வந்தனீ? நடக்கிற சத்தமே கேக்கேல்லை."

"நான் எப்பவும் இப்பிடித்தானே நடக்கிறனான், அம்மா."