தை மாதத்துத் தும்மல்

பவளத்துக்குத் தும்மல் என்றால் தடை. ஸ்டுட்கார்ட்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். புறப்படும்போது யாராவது தும்மிவிட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்த பிறகுதான் வாசல் தாண்டுவாள். அதனால் தவறவிட்ட டிராம்களுக்குக் கணக்கில்லை. மூத்த மகளுக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்றையே, மாப்பிள்ளையின் சித்தப்பா தும்மிவிட்டார் என்று திருப்பி அனுப்பிய மகராசி அவள்.

இளையவள் கம்சனா தானே நிசாந்தைத் தேடிக்கொண்டாள். ஹீட்டர் பூட்டும் வேலை, அமைதியான பையன். பவளத்துக்கு அவனை நன்றாகவே பிடித்திருந்தது. தையில் மோதிரம் மாற்ற நாள் வைத்தாள்.

"தை வேண்டாமம்மா. அப்பதான் ஹாசல் மரம் பூக்கிறது. அந்த மகரந்தம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. நிண்ட நிலையிலை தும்முவார்."

"விசர்க்கதை கதையாதை. இந்தக் குளிருக்குள்ளை எந்த மரமடி பூக்கும்? அது தடிமன். மல்லித்தண்ணி குடிச்சால் மாறும்."

அதோடு கதை முடிந்தது. அந்த நாளில் பனி கொட்டக் கூடாது என்று தாய் பிள்ளையாரைக் கும்பிட்டாள். மகரந்தம் பறக்காமல் அடங்கக் கொட்ட வேண்டும் என்று மகள் கும்பிட்டாள். பிள்ளையார் தாயின் பக்கம் நின்றார். விடிந்தபோது பளிச்சென்று வெயில், இதமான காற்று.

காலையில் ஆற்றங்கரைப் பக்கம் நடந்த பவளம், இலையில்லாத ஒரு மரத்தில் மஞ்சள் குஞ்சங்கள் தொங்குவதைக் கண்டாள். மாவிலை கிடைக்காத ஊரில் கடவுளே கட்டிவிட்ட தோரணம்! நாலு கொப்பு முறித்து வந்து கூடத்து நிலையில் கட்டினாள். கம்சனா அறைக்குள் சேலை உடுத்திக்கொண்டிருந்ததால் அதைக் காணவில்லை.

நிசாந் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்தான். ஆனாலும் மோதிரத்தை எடுத்த கையோடு அடக்கமாட்டாமல் தும்மினான்.

கூடத்துத் தலைகள் எல்லாம் திரும்பின. எல்லோருக்கும் பவளத்தைத் தெரியும். கையை நீட்டி நின்ற கம்சனா மோதிரத்தைப் பார்க்கவில்லை, தாயின் வாயைத்தான் பார்த்தாள். பிறகு அவள் கண் நிலைப்பக்கம் போயிற்று.

"ஐயோ அம்மா! அதுதான் ஹாசல்!"

பவளத்துக்குத் திக்கென்றது. தடை வேறெங்கிருந்தும் வரவில்லை, தன் கையால்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். எதிரே அந்தப் பையன் கண்ணும் மூக்கும் சிவந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி" என்று சொல்ல வந்து, சொல்ல முடியாமல் மறுபடி தும்மினான். அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"நூறு!" என்றாள்.

தான் பெற்ற பிள்ளைகள் தும்மும்போது, நூறு வயது இருக்கட்டும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ஊரார் பிள்ளைக்கு அவள் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கம்சனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நிசாந் இன்னொன்று தும்மினான்.

"இருநூறு! ஆராவது அந்தக் கொப்பைக் கழட்டி வெளியிலை எறியுங்கோ, பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு. நீ ஏன் நிக்கிறாய் மோனை? தும்மித் தும்மியே மோதிரத்தைப் போடு."