தட்டைக் கீழே வைத்த வெளிச்சக்கா

ஓடிப்போனாளாம்! ஓடுவதற்கு முதலில் முழங்கால் சம்மதிக்க வேண்டாமா? ஸ்டூடியோக்காரர் பெண்டாட்டிக்கு மாடிப்படி ஏறினாலே வலது முழங்கால் கடக்கென்று சத்தம் போடும். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் எங்கே ஓடுவாள், யாரோடு ஓடுவாள்? எதிர்க்கடை தையற்காரி கண் காது மூக்கு வைத்துச் சொல்கிறாள், கையில் பெட்டியோடு போனாளாம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பெட்டிக்குள் புடவையா இருந்தது? கேமரா இருந்தது. திரும்பிப் பார்க்காததற்கும் காரணம் உண்டு. தோளில் மூன்று கால் ஸ்டாண்டு குறுக்காகத் தொங்கியது. அவள் மட்டும் திரும்பியிருந்தால் தையற்காரியின் ஜன்னல் கண்ணாடி தூள் தூளாகியிருக்கும். நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நடந்ததைக் கேட்கட்டும்.

தெரு முழுக்க அவளுக்கு வெளிச்சக்கா என்றுதான் பெயர். புருஷன் வெளியிடங்களில் படம் எடுக்கும்போது தட்டுப் பிடிப்பவள் அவள். சோற்றுத் தட்டு இல்லை. பெரிய அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய தட்டு. வெயிலை அதில் வாங்கி எதிரில் நிற்பவர் முகத்தில் திருப்பி விட வேண்டும். கல்யாணமாகி வந்த வாரமே அவள் கையில் அதைக் கொடுத்தார். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், ஆளுக்கொரு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். தட்டு மட்டும் அவளை விட்டு எங்கேயும் போகவில்லை.

ஸ்டூடியோக்காரர் தங்கமான மனிதர். ஒரே ஒரு வியாதிதான், 'ரெடி' என்று சொல்வார். சும்மா சொல்ல மாட்டார். அடிவயிற்றிலிருந்து, போலீஸ்காரர் திருடனை அதட்டுவது போலச் சொல்வார். அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவன் அந்த நொடியே கோர்ட்டுக் கூண்டில் ஏறியவன் மாதிரி ஆகிவிடுவான். பிறந்தநாள் குழந்தைகூட வீட்டை ஜப்தி செய்ய வந்த அதிகாரி போல முறைக்கும். இந்த ஊரில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் எல்லோரும் உங்கள் மேல் கோபமாக இருப்பது போலத் தெரிகிறதே, அது அவர் கைவண்ணம்.

தட்டைப் பிடித்தபடி எதிரில் நிற்பவர்களோடு ஊர்க்கதை பேசுகிற வெளிச்சக்காவுக்கு ஒரு விஷயம் தெரியும். முகம் மலர்வதெல்லாம் அந்த 'ரெடி'க்கு முன்னால்தான்.

"என்னங்க, ரெடி சொல்லாம எடுத்துப் பாருங்களேன்."

"சொல்லாம எடுத்தா அது போட்டோ இல்ல, திருட்டு. நீ தட்டைப் பிடி."

"சரி, ஒரே ஒரு தடவை நான் அமுக்கிப் பாக்கட்டுமா?"

"அமுக்குறதுன்னா சுலபம்னு நெனச்சியா? கை பழகணும்."

"தெனமும் உங்க காலை அமுக்குற கைதாங்க இது. அதுக்கு மேல என்ன பழகணும்?"

அவளுக்கு நகை ஆசை கிடையாது, நட்டு ஆசை கிடையாது. அந்தப் பொத்தானைத் தன் விரலால் ஒரு தடவை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்டால் மட்டும் மனிதருக்குக் காது அடைத்துவிடும்.

அப்போதுதான் பல் டாக்டர் வந்தார். புதிதாக ஆஸ்பத்திரி திறக்கிறார், வரவேற்பறையில் மாட்ட ஆளுயரப் படம் வேண்டும். "பாறை மேல நிக்கணும், பின்னாடி அலை அடிக்கணும். பாக்குறவங்களுக்கு இவர்கிட்ட வாயைத் திறக்கலாம்னு தைரியம் வரணும்" என்றார். இதைச் சொல்லும்போதே வாயைக் கையால் மூடிக்கொண்டார். காரணம், டாக்டருக்கு முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஊரார் பல்லையெல்லாம் வரிசைப்படுத்துகிறவர் தன் பல்லை மட்டும் வெளியே காட்ட மாட்டார்.

கடற்கரைப் பாறைக்குப் போனார்கள். டாக்டரின் அம்மாவும் குடையோடு கூடவே வந்து ஒரு மேடான கல்லில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பாறையில் ஏறி மார்பை நிமிர்த்தினார். காற்று கோட்டைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தது. இறக்கினார். மறுபடியும் கவிழ்த்தது.

"கோட்டைக் கழட்டுடா, கொடியில காயப்போட்ட மாதிரி இருக்கே!"

"அம்மா, நான் டாக்டர்மா!"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். காத்துக்குத் தெரியுமா?"

வெளிச்சக்கா தட்டைச் சாய்த்து அவர் முகத்தில் வெயிலை விட்டாள். ஸ்டூடியோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னால் நகர்ந்தார். தலையும் வேண்டும், காலும் வேண்டும், அலையும் வேண்டும், இன்னும் நகர்ந்தார்.

"என்னங்க, பின்னாடி பாருங்க. பாசி வழுக்கும்."

"எனக்கு நீ சொல்லித் தராதே, தட்டைப் பிடி. டாக்டர், அசையாதீங்க. ரெ—"

'டி'யைக் காணோம். ஆளையும் காணோம். இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருந்த சந்தில் உட்கார்ந்த வாக்கில் போய்ச் செருகிக்கொண்டார், கூஜாவுக்கு மூடி போட்டது போலக் கச்சிதமாக. முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட்டன. கைகள் இரண்டும் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தன. சின்ன அலை ஒன்று வந்து அவரை இடுப்புவரை மரியாதையாக நனைத்துவிட்டுப் போயிற்று.

"கேமரா! கேமராவைப் பிடிடி!"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். கேமராவை வாங்கினாள். அந்த நேரம் பார்த்துப் பாறை மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். கையால் மூட மறந்து, கோணல் பல்லெல்லாம் தெரிய, காது வரைக்கும் வாயைத் திறந்து சிரித்தார். பின்னால் அலை எழும்பி வெள்ளையாகச் சிதறியது. வெளிச்சக்கா கேமராவைக் கண்ணில் வைத்து அமுக்கினாள்.

சந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரெடி சொன்னியாடி?"

"இல்லீங்க."

"அடிப்பாவி!"

அவரை வெளியே எடுப்பது பெரும்பாடாகிவிட்டது. அம்மா குடைப்பிடியை அவர் பெல்ட்டில் மாட்டி இழுத்தாள். டாக்டர் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, பழக்க தோஷத்தில், "லேசா வலிக்கும், பொறுத்துக்கோங்க" என்று சொல்லி ஒரே இழுப்பில் பிடுங்கினார்.

படத்தைப் பார்த்ததும் டாக்டர் முகம் வெளுத்தது. "ஐயோ, அழிச்சிடுங்கக்கா! பல் டாக்டர் பல்லே இப்படி இருந்தா எவன் வருவான்?"

"வருவாங்கடா" என்றாள் அம்மா. "தன் பல்லையே புடுங்கிக்காதவன் நம்ம பல்லை அவசரப்பட்டுப் புடுங்க மாட்டான்னு நம்பி வருவாங்க. இதைத்தான் மாட்டணும்."

மாட்டினார்கள். வந்தார்கள். வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "இந்தப் படத்தை யார் எடுத்தது?" என்று கேட்டுவிட்டு நேரே ஸ்டூடியோவுக்கு நடந்தார்கள். "அந்த அக்கா எடுப்பாங்களா?" என்று விசாரித்தார்கள்.

ஸ்டூடியோக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இடம் நான் பாத்தது, கேமராவைச் சரி பண்ணி வெச்சது நான். சந்துல விழுந்தது முதற்கொண்டு நான்! அவ சும்மா அமுக்கினா, அவ்வளவுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

வெளிச்சக்கா தட்டைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். "இதையும் நீங்களே பிடிச்சுக்கோங்க" என்றாள்.

பிடித்துத்தான் பார்த்தார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கேமரா என்று எடுத்தால் வெளிச்சம் மரத்தில் விழுந்தது. தட்டைக் குடைத்தாங்கியில் கட்டி வைத்துப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையைப் படம் எடுத்தார். முகமெல்லாம் இருட்டு, மூக்குத் துவாரம் இரண்டு மட்டும் ஜொலித்தன. "ஏன் சார், மூக்குக்குள்ள டார்ச் அடிச்சீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். பூங்காவில் அதை நாற்காலியில் கட்டினார். காற்றடித்தபோது நாற்காலியோடு தட்டு கிளம்பிவிட்டது. பூங்காவைச் சுற்றி அவர் அதைத் துரத்தியதைத் தையற்காரியும்தான் பார்த்தாள். அதைப் பற்றி அவள் மூச்சு விடுவதில்லை, கவனியுங்கள்.

கடைசியில் அக்கா தங்கைகள் மூன்று பேர் வந்தார்கள். கடைசித் தங்கை தூரதேசத்துக்கு வேலைக்குப் போகிறாள், அதற்குள் அதே பாறையில் மூவருமாக ஒரு படம் வேண்டும்.

"வெளிச்சக்கா எடுத்தா வர்றோம். தப்பா நெனச்சுக்காதீங்க சார், நீங்க எடுத்தா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கும். அது ஏற்கெனவே இவகிட்ட இருக்கு."

"அவ எடுக்க மாட்டா" என்றார் அவர்.

"எடுப்பா!" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

அவர்கள் போனதும் வீட்டுக்குள் ஆரம்பித்தது.

"எந்தக் கேமராவுல எடுப்பே? சாவி என்கிட்ட இருக்கு."

"இருக்கட்டும். அந்தப் பொண்ணுங்க போனை வாங்கி எடுப்பேன்."

"போன்லயா?" அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "என் போர்டை வாசல்ல மாட்டி வெச்சுக்கிட்டு, போன்லயா?"

"பொத்தான் அதுலயும் இருக்கு."

மனிதர் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே "போன்ல..." என்று இரண்டு தடவை முணுமுணுத்தார்.

மறுநாள் காலை அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது மேஜைமேல் கேமராப் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தாள். லென்ஸ் பளபளவென்று துடைத்திருந்தது, பேட்டரி முழுக்க ஏற்றியிருந்தது. அவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஷோகேஸ் கண்ணாடியை முதுகைக் காட்டியபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கும்போது வாரைக் கழுத்துல மாட்டிக்கோ" என்றார் கண்ணாடியிடம். "ஸ்டாண்டு தோள்ல மாட்டு, கையில தூக்காதே. பாறைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பெட்டியைத் திறக்காதே, உப்புக் காத்து."

"சரிங்க."

"தட்டை யாரு பிடிப்பா?"

"ஆள் இல்லைங்க."

கண்ணாடி இன்னும் கொஞ்சம் சுத்தமாயிற்று. "எனக்கு இடுப்பு வலி இருக்கு. இருந்தாலும் ஆளே இல்லேன்னா... நான் பின்வாசலால வர்றேன். நீ முன்னாடி போ. நான் தட்டைத் தூக்கிட்டுப் போறதை எதிர்க்கடைக்காரி பாத்தா போதும், ஜென்மத்துக்கும் விட மாட்டா."

"எந்த வாசலால வேணா வாங்க. ஆனா வழியில யாரைப் பாத்தாலும் ரெடின்னு கத்தாதீங்க."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள், ஸ்டாண்டைத் தோளில் மாட்டினாள், முன்கதவை அகலமாகத் திறந்து தெருவில் இறங்கினாள். வீட்டின் பின்பக்கத்தில் தட்டு நிலைப்படியில் மோதும் சத்தமும், அவர் கதவைத் திட்டும் சத்தமும் கேட்டன. அவள் நிற்கவில்லை. வெயில் உச்சிக்கு வருவதற்குள் பாறைக்குப் போய்ச் சேர வேண்டும்.