தூங்கும் அன்னங்கள்

மீன் கண்களைத் திறந்தபடியே தூங்கும். இந்த ஒரு செய்தியை ஆங்கிலத்தில் சொல்லித்தான் நான் முதன்முதலில் மேடையேறினேன். அப்போது எனக்கு எட்டு வயது.

கற்றுத் தந்தவர் என் அத்தை. மணமானதும் வெளிநாடு செல்லவிருந்த அவர், கைப்பேசியில் ஆங்கிலம் பயின்றார். இலக்கணம் வழுக்கியது, விந்தைகள் மட்டும் தங்கின. வண்ணத்துப்பூச்சி காலால் சுவை அறியும், ஆக்டோபஸுக்கு இதயம் மூன்று என்று முணுமுணுத்தபடியே, அப்பா நெய்யவிருந்த, கரை நெடுக அன்னங்கள் கொண்ட தம் முகூர்த்தச் சேலைக்கான அட்டைகளை வரிசையாகக் கோத்துக்கொண்டிருப்பார். எந்த இழை எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்பவை அந்த அட்டைகளின் துளைகளே. அவற்றின் வழியே ஒழுகிய வெயில் அவர் மடியில் பொன்மீன்களாய் நீந்தும். அந்த அறையே நீருக்கடியில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

காலை வணக்கக் கூட்டத்தில் பேச என் முறை வந்தது. கழித்துப்போட்டது என்று நினைத்து ஓர் அட்டையை உருவி, துளைகளுக்கு இடம்விட்டு என் வாக்கியத்தை எழுதினேன். பள்ளியே கைதட்டியது. அந்த ஒலி இன்றும் என் செவியில் இருக்கிறது.

தறியில் சேலையின் உட்புறமே மேலே தெரியும். ஆகவே நெய்து முடித்து, அறுத்து, திருப்பி விரித்த பிறகுதான் அப்பா திடுக்கிட்டார்.

"இன்னாமா இது? ஒரு அன்னத்துக்குக்கூட கண்ணக் காணோம்! அட்ட கோக்கசொல்ல தூங்கிட்டியா?"

"முகூர்த்தத்துக்குக் குருட்டு அன்னமா?" என்று அம்மா கன்னத்தில் கைவைத்தார்.

திருமணத்துக்குப் பத்தே நாள். இன்னொரு சேலை நெய்ய நேரமில்லை.

என் புத்தகப்பையில் நீட்டிக்கொண்டிருந்த அட்டையை அத்தை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான் ஒண்ண வுட்டுட்டேன் போலக்குதுண்ணா. அன்னம் தூங்குதுன்னு வெச்சிக்கோயேன். மீனாட்டம் கண்ணத் தெறந்துக்கினு தூங்க அதுக்குத் தெரியாதுல்ல?"

"பேச்சப் பாரு!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் சிரித்துவிட்டார்.

அன்று மாலை அத்தை அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, தம் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார். என் ஆங்கிலத்தைத்தான் கடல்கடந்து கொண்டுபோகிறார் என்று நான் பூரித்தேன்.

மணமேடையில் அவர் மடியோரம் அமர்ந்து, கரையில் தூங்கும் அன்னங்களை ஒவ்வொன்றாய் எண்ணினேன். அவை என் பொருட்டே தூங்கின என்பது அன்று எனக்குத் தெரியாது.