கூழ் தண்ணீரில் சேராது

ஜவ்வாது மலையில் சாந்தம்மாளைப் போலக் கூழ் கரைக்க இன்னொரு பெண் பிறக்கவில்லை. அவள் கரைத்த கூழில் ஒரு கரண்டி வாயில் விட்டதும், பாடையில் கிடத்தியிருந்த கிழவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் கேட்டார். சரி, எழுந்து உட்காரவில்லை. விரல்தான் அசைந்தது. அது காற்றாகவும் இருந்திருக்கலாம். பாடைகூட இல்லை, கயிற்றுக்கட்டில். ஆனால் கூழ் நல்ல கூழ் என்பதில் பொய் இல்லை.

சாமையை உடைத்துக் காய்ச்சி, ஒரு நாள் பானையில் புளிக்கவிட்டு, கட்டியில்லாமல் கையாலேயே கரைப்பாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அரைமணி நடை அவள் வீடு. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கெல்லாம் அவள் வாசல் வந்ததும் தலை சுற்றும், ஒரு சொம்பு கூழ் உள்ளே போனால்தான் நிற்கும்.

புருஷன் மாதையன் புளியமரம் ஏறி உலுக்குவதில் கெட்டிக்காரர். மரத்தைவிட்டு இறங்கினால் எதிலும் கெட்டிக்காரர் இல்லை. அறுபத்திரண்டு வயதில் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒன்றாக வேலையை விட்டன. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, போளூரைத் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மிஷினோடு கிடந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அதற்காக இடது கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே காதை வைத்தால் எங்கோ மோட்டார் ஓடுவதுபோல் கேட்கும். பார்க்க வந்தவர்களையெல்லாம் காதை வைக்கச் சொல்லி, போர் போட்டிருக்கு, தண்ணிதான் வர்ல என்பார்.

சிக்கலும் அதுதான். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. தண்ணீர், டீ, மோர் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர், அதற்குமேல் ஒரு மடக்கும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரே மகள் சரிதா சந்தவாசலில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவைக் கவனிக்க மலையேறி வந்தவள், கையோடு ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுவந்து, அதன்மேல் நகப்பூச்சால் ஐந்து கோடு போட்டாள். பாட்டிலைப் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். குடத்தின் வாயைச் சாந்தம்மாள் துணியால் கட்டி, தனக்கு மட்டுமே அவிழ்க்கத் தெரிந்த முடிச்சொன்று போட்டாள். அப்பா வாய் கொப்பளித்தால், உள்ளே போனது முழுக்க வெளியே வந்ததா என்று மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவர் ஒதுங்கப் போனாலும் பத்தடி தள்ளிப் பின்னால் போனாள். ஓடை அந்தப் பக்கம்தான் இருந்தது.

இத்தனை காவலுக்கும் எடை அடங்கவில்லை. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் நாலு கிலோ ஏறியது. காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி, ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புகிறவரை அப்படியே கிடந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்றாள் சரிதா. மாதையன் சத்தியம் செய்தார். அவருடைய சத்தியத்துக்கு ஊரில் எந்தக் காலத்திலும் மரியாதை இருந்ததில்லை. தோளில் கிடந்த துண்டை நனைத்துச் சப்புகிறாரோ என்று மகள் அதையும் பிடுங்கிப் பிழிந்து பார்த்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இப்படியே போனால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டு பஸ்ஸிலேயே உயிர் போகும். அடுத்த வார வெள்ளிக்குள் ஏற்றம் இரண்டரை கிலோவுக்கு அடங்காவிட்டால் மலையை மறந்துவிட்டுக் கீழேயே தங்கி, வாரத்துக்கு மூன்று தடவை வரவேண்டும். கீழே என்றால் சந்தவாசலில் சரிதாவின் மாமியார் வீடு. மாதையனின் முகம் போன போக்கைப் பார்த்து நர்ஸ் சிவசங்கரி, ஊசி வலிக்கிறதா என்று கேட்டாள். சம்பந்தியம்மாள் விடியுமுன் சாமிப்பாட்டுப் போடுவாள், விடிந்தபின் சீரியல் போடுவாள், இரண்டுக்கும் மேலே பேசிக்கொண்டேயிருப்பாள்.

சாந்தம்மாளின் கவலை வேறு. ஆட்டையும் கொல்லையையும் விட்டுவிட்டு அவளால் கூடப் போய் இருக்க முடியாது. வீட்டில் போன் சிக்னல் கிடையாது, மேலே பாறைக்கு ஏறினால்தான் உண்டு. புருஷன் செத்த சேதியைப் பாறைமேல் நின்று கேட்க அவளுக்கு இஷ்டமில்லை.

சிவசங்கரி ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு, காலையிலிருந்து அவர் வாய்க்குள் போவதையெல்லாம் சாந்தம்மாளைச் சொல்லச் சொன்னாள்.

“காலையில இன்னா குடுப்பீங்க?”

“கூழு.”

“எவ்ளோ?”

“ஒரு சொம்பு. மனுசன் துரும்பா போய்ட்டாரேன்னு இப்ப ரெண்டு.”

சிவசங்கரி பேனாவை வைத்தாள். “அதுல தண்ணி இல்லியாம்மா?”

“அது கூழுங்க. தண்ணிய தனியா பூட்டி வச்சிருக்கோம்.”

மலையில் கூழ் குடித்து வந்தவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்பான். தண்ணீர் குடித்தாயா என்றால் இன்னும் இல்லை என்பான். பன்னிரண்டாம் வகுப்புவரை அறிவியல் படித்த சரிதா தலையைத் தூக்கிச் சுற்றாத ஃபேனைப் பார்த்தாள். பெட்டியைப் பூட்டிவிட்டு வந்த கையாலேயே அப்பாவிடம் கூழ்ச்சொம்பை நீட்டியவள் அவள்தான்.

சாந்தம்மாள் நம்பவில்லை. தன் கூழைத் தண்ணீர் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. மறுநாள் காலை ஒரு சொம்பு கூழை மாதையனின் பழைய வேட்டியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்தாள். துணியில் நின்றது ஒரு கைப்பிடி. கீழே வடிந்ததை மகளுடைய பாட்டிலில் ஊற்றினாள். இரண்டாவது கோட்டைத் தொட்டது. இரண்டு சொம்புக்கு நாலு கோடு. பெட்டிக்குள் பூட்டியிருந்த தண்ணீர் அளவுக்குக் கிட்டத்தட்ட, பூட்டே இல்லாமல் இன்னொரு பங்கு. அவர் இளைக்க இளைக்க அவள்தான் சொம்பைக் கூட்டியிருந்தாள். வேண்டாம் என்ற நாளில்கூட, எனக்காக என்று சொல்லிக் குடிக்கவைத்திருந்தாள். ஆட்டுக்குட்டி வந்து வேட்டியை நக்கியது. அவள் விரட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கூழ்ப்பானையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அன்றைக்கு வட்டிலில் பருக்கை பருக்கையாகச் சாமைச்சோறு வந்தது. மாதையன் அதை விரலால் ஒதுக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இன்னாமே இது? கோழிக்கு எறைக்கிற மாதிரி. கூழில்லாம சாவறதுக்குக் குடிச்சிட்டே சாவறேன்.”

“சாவு. உன் கருமாதிக்கு ஊருக்கே கூழு ஊத்தறேன். அதுவரைக்கும் சோறு துன்னு.”

அவர் அன்று முழுக்கப் பேசவில்லை. அடுத்த நாள் பேசினார், சந்தவாசலே தேவலாம் என்று. சாந்தம்மாள் உடனே அவருடைய இரண்டு சட்டையை மடித்துப் பையில் வைத்து, பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மாதையன் பையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்தார்.

சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. மாதையன் செருப்பைக் கழற்றினார், சட்டையைக் கழற்றினார், இடுப்பில் கை வைத்தபோது சிவசங்கரி போதும் என்று தடுத்து எடை மிஷினில் ஏற்றினாள். சாந்தம்மாளுக்கு அந்த எண்களைப் பார்க்கத் தைரியமில்லை. சரிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு தடவை கழித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், ஏறியது இரண்டு கிலோ நூறு. டாக்டர் எட்டிப் பார்த்து, மலையிலேயே இருக்கட்டும், இதே மாதிரி இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சாந்தம்மாளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஊசி குத்திக்கொண்டிருந்த சிவசங்கரியிடம், பானையைக் கவிழ்த்தது கவிழ்த்ததுதான், அந்த மனுசன் காலைப் பிடித்துக் கெஞ்சினார், நான் கல்லுமாதிரி நின்றேன் என்றெல்லாம் அடுக்கினாள்.

“பத்து நாளா ஒரு சொட்டு கூழு கண்ணுல காட்டலீங்க.”

கண்ணை மூடிக் கிடந்த மாதையன் திறக்காமலே சொன்னார்.

“கால் டம்ளர் குடுத்துச்சிங்க. திங்கக்கெழம. அதுக்குப் பாட்டில் தண்ணியில அரைக்கோடு புடிச்சிக்கிச்சி.”