கரண்ட் போனால் படுக்கவும்

எங்கள் ஊர் நெல் ஆலையின் பின்பக்கம் அந்த மெசினை இறக்கியபோது அது ஓர் அலுமாரி அளவில்தான் இருந்தது. காற்றை உள்ளே இழுத்து நெருக்கி, மண்ணெண்ணெய்யோடு எரித்து, அந்தச் சூட்டில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும் வாயுச் சுழலி. கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களுக்கென்று ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் தந்தது.

வவுனியாவில் இயந்திரப் படிப்பு முடித்துவிட்டு வந்திருந்த என்னை மூன்று மாதத் தற்காலிகத்தில் அதற்குப் பொறுப்பாகப் போட்டார்கள். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். மூன்று மாதத்துக்குள், மெசின் ஓடிய மணித்தியாலங்களை எண்ணும் மீற்றர் நூறு காட்டினால் அது ஊரில் நிற்கும், என் வேலையும் நிரந்தரமாகும். காட்டாவிட்டால் மெசின் வேறு மாவட்டத்துக்குப் போகும், நான் அம்மாவோடு ஆலை முற்றத்தில் நெல் காயவைக்கப் போவேன்.

முதல் ஓட்டத்துக்குக் கொழும்பிலிருந்து பொறியியலாளர் ஒருவர் வந்தார். ஊரே முற்றத்தில் கூடியிருந்தது. நான் பொத்தானை அமத்தினேன். முதலில் ஒரு முனகல், பிறகு மெல்லிய கூவல். அது ஏறி ஏறி, வானத்திலிருந்து இறங்கி வருவதுபோல ஆனதும் முற்றத்தில் நின்ற அவ்வளவு பேரும் ஒரே நொடியில் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் முற்றத்தை ஒட்டிய வயல் வரம்போரமாக. அம்மா காயவிட்ட நெல்லின் மேலேயே. நானும் படுக்கப்போய், மெசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொறியியலாளரோ ஊர் மெசினை விழுந்து கும்பிடுகிறது என்று விளங்கிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

நிறுத்தினேன். எல்லாரும் எழும்பி, உடுப்பில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டு, சத்தத்தைப் பற்றி வாதாடத் தொடங்கினார்கள். சிலர், சண்டைக்காலத்தில் குண்டு போட்ட கிபிர் விமானம் என்றார்கள். சிலர், நாங்கள் வண்டு என்று சொல்லும் வேவு விமானம் என்றார்கள். எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் விமானச் சத்தத்தில் பிழை விடமாட்டார்கள். கடைசியில் தலைவர் முடிவு சொன்னார்.

"கிபிர் எண்டா வந்து, போட்டுட்டுப் போயிடும். இது வந்துகொண்டே இருக்கு தம்பி, ஒண்டும் போடுதில்லை. அதுதான் தாங்க ஏலாமல் கிடக்கு."

மெசின் வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை. கரண்ட் எல்லாருக்கும் வேண்டும். கூட்டம் கூடித் தீர்மானித்தார்கள்: ஐம்பத்திரண்டு வீட்டுக்கும் அறிவித்த பிறகுதான் மெசினை இயக்கலாம். கோயில் ஒலிபெருக்கியில் சொல்கிறேன் என்றேன், சம்மதித்தார்கள். அடுத்த முறை கரண்ட் போனபோதுதான் ஒலிபெருக்கிக்கும் கரண்ட் வேண்டும் என்பது எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. கரண்ட் போனால் கைத்தொலைபேசிக் கோபுரமும் செத்துவிடும்.

சைக்கிளில் போனேன். பாதி வீடுகளில் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார்கள். முப்பதாவது வீட்டுப் படலையை எட்டும்போது கரண்ட் வந்துவிடும். பிறகு, இனிச் சத்தம் வராது, பயப்படாதீர்கள் என்று சொல்ல அந்த முப்பது வீட்டுக்கும் திரும்பப் போக வேண்டும். முதல் மாத முடிவில் மீற்றர் நாலு மணி காட்டியது.

மின்சார அலுவலகத்துக்குப் போய், தினமும் காலை பத்து மணிக்குக் கரண்டை நிறுத்தித் தரமுடியுமா என்று கேட்டேன். நேரம் தெரிந்தால் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடலாம். அங்கிருந்த அக்கா தன்னிடம் முறைப்பாட்டுப் படிவம் மட்டும்தான் உண்டு என்றார். நிரப்பிக் கொடுத்தேன். முறைப்பாடு: கரண்ட் ஒழுங்காகப் போவதில்லை. அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு முத்திரை குத்தினார். பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீ எனக்குச் சொல்ல வராதை தம்பி. கரண்ட் போன உடனே நான் படுத்திடுறன். பிறகு நீ எப்ப போட்டாலும் எனக்கென்ன?"

"ஒருத்தரும் படுக்கக் கூடாதெண்டுதானேயம்மா இவ்வளவு பாடும்."

"திடீரெண்டு விழுறதுதான் கரைச்சல். பாயை விரிச்சுப் படுத்தா என்ன கரைச்சல்?"

இதையே அம்மா அடுத்த கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். கூட்டத்தில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. தீர்மானம் மாறியது. கரண்ட் போனால் ஊர் படுக்கும், ஐந்து நிமிடம் கழித்து நான் மெசினைப் போடுவேன். சத்தம் வரும்போது எல்லாரும் தலகணியோடு தயாராகக் கிடப்பார்கள், கூடவே தலைக்கு மேல் மின்விசிறி சுழலும். சில நாட்களில் குறட்டையும் கேட்டது. அரிசி குத்த ஒருவரும் வருவதில்லை. வந்தாலும் பயனில்லை, ஆலைக்காரர் சாக்கின் மேல் படுத்திருப்பார். மீற்றர் மட்டும் ஏறியது.

கடைசி நாள் தொண்ணூற்றெட்டு. மறுநாள் பொறியியலாளர் வந்து மீற்றரைப் பார்ப்பார். அன்று பார்த்துக் கரண்ட் போகவில்லை. காலையிலிருந்தே ஊர் பாயை விரித்துவிட்டுக் காத்திருந்தது. மத்தியானம் தலைவர் வந்து, கம்பியில் மரம் ஏதும் தானாக விழ வழியிருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றேன்.

ஆலைச் சுவரில் ஒரு பெரிய மின் ஆளி, சுவிட்ச், இருந்தது. ஊரை மெயினிலிருந்து கழற்றி மெசினோடு இணைப்பது அதுதான். கரண்ட் தானாகப் போனால் மட்டுமே அதைத் திருப்புவேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் கைநாட்டு. கையெழுத்து என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்.

சோறு கொண்டுவந்த அம்மா ஆளியைப் பார்த்தார்.

"நீயே நிப்பாட்டு. நீயே குடு."

"அது பொய்யம்மா."

"மெசின் ஓடுறது பொய்யோ?"

யோசித்துப் பார்த்தேன். பிறகு திருப்பினேன். கரண்ட் போயிட்டுது என்று வீட்டுக்கு வீடு நிம்மதியாகச் சொல்லிக்கொண்டு படுத்தார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து மீற்றரில் நூறு விழுந்தது.

பதிவேட்டில் மின்தடைக்கான காரணம் என்று ஒரு நிரல் உண்டு. மற்ற எல்லா நாளும் 'தெரியாது' என்று எழுதியிருந்தேன். அன்றைக்கு 'நான்' என்று எழுதினேன். பொறியியலாளர் அதில் விரலை வைத்தார். மூன்று மாதத்தில் காரணம் தெளிவாகப் பதியப்பட்ட ஒரேயொரு மின்தடை இதுதான் என்று சொல்லி, பக்கத்தில் சரி போட்டார்.

நியமனக் கடிதம் வந்ததும் அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப இனி அதைப் போடத் தேவையில்லைத்தானே?"

இனித்தான் எப்போதும் போடவேண்டும் என்றேன். அம்மா எழும்பிப் போய், பாயை உதறி வெயிலில் போட்டார்.